அறைக் காற்று

லைல் ஓஸ்ட்பியின் கண்ணுக்கு முதன்முதலில் கோணலாகத் தெரிந்தது எங்கள் ஊர் தானியக் கோபுரம். வருஷா வருஷம் அவன் சோளம் கொண்டுபோய்க் கொட்டிய கோபுரம், மார்ச் மாதத்தில் ஒரு காலை, இடுப்பில் வளைந்து நின்றது. லைல் டிரக்கை ஓரங்கட்டினான். இடது கண்ணைப் பொத்தினால் கோபுரம் நேராக நின்றது; வலது கண்ணைப் பொத்தினால் மறுபடி வளைந்தது. கோளாறு சிமெண்டில் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். விழித்திரையின் நடுப்பகுதியில் கசிவு. மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. இடது கண் போனது போனதுதான். வலது கண்ணுக்கும் அது வரும், எப்போது வரும் என்றுதான் சொல்ல முடியாது. லைலின் ஓட்டுநர் உரிமம் அக்டோபரில் அவன் பிறந்தநாளோடு முடிகிறது. புதுப்பிக்கப் போனால் கண்ணைச் சோதிப்பார்கள். அவன் ஓட்டும் வகைச் சின்ன விமானத்துக்கு வேறு மருத்துவச் சான்று தேவையில்லை, கார் ஓட்டும் உரிமமே போதும். ஆனால் அதுவும் இல்லையென்றால் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

ஆக, அந்த ஒரு கோடைதான் அவனுக்கு இருந்தது. விமானத் திடலின் ஓரத்துக் கொட்டகையில் ஒன்பது வருஷமாகத் தன் கையால் செய்துகொண்டிருந்த இரண்டு இருக்கை விமானம் அந்த வசந்தத்தில்தான் முடிந்திருந்தது. லைலுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. தானே ஓட்ட வேண்டும், பக்கத்து இருக்கை காலியாக இருக்க வேண்டும், கீழே தன் வயல் தெரிய வேண்டும். ஒரு தடவை போதும் என்றான். அதற்கப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் விற்றுவிடலாம்.

முதல் பறப்புகளை மட்டும் நார்பர்ட் க்ளோஸ்டர்மன் செய்வது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகம். லைல் விமானம் ஓட்டிச் சில வருஷம் ஆகியிருந்தது. நார்பர்ட் வாராவாரம் ஓட்டுகிறவன், நிதானக்காரன். எங்கள் ஊரில் பாதி வீடுகளின் நிலவறையில் சூடு தரும் உலையைப் பொருத்தியது அவன்தான். இப்போது ஓய்வு. ஆனாலும் யார் வீட்டுக்குக் காப்பிக்குப் போனாலும், சுவரிலிருக்கும் காற்றுக் குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான்.

“நீ ரெண்டு தடவ ஓட்டிப் பாரு,” என்றான் லைல். “றெக்க கழண்டு விழுந்தா அழறதுக்கு உனக்குப் பொண்டாட்டி இல்ல. எனக்கு இருக்கா.”

“இருக்கறவ அழுவாளான்னு கேட்டுக்கிட்டயா?”

“கேக்கல. எதுக்கு வம்பு? அப்புறம் சாவி எனக்கு.”

ஜூன் முதல் வாரம் விமானம் ஏறியது. ஏறியது என்ன, அம்பாகப் போயிற்று. திடலில் நின்ற பத்துப் பேரும் தொப்பியைத் தூக்கி ஆட்டினார்கள். லைல் மட்டும் அசையாமல் நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். பதினைந்து நிமிஷத்தில் நார்பர்ட் இறக்கிவிட்டான்.

“ஏன்டா அதுக்குள்ள?”

“சூடு. சிலிண்டர் முள் செவப்புக்கிட்ட போயிருச்சு.”

இந்த எஞ்சினைக் குளிர்விப்பது காற்று மட்டும்தான். மூக்கிலிருக்கும் இரண்டு வாய்களில் நுழையும் காற்று, எஞ்சின் மூடிக்குள் மேல்பக்கம் சேர்ந்து, சிலிண்டர்களின் மெல்லிய செதில்களுக்கு நடுவே கீழே இறங்கி, வயிற்றுப் பக்கம் வெளியேற வேண்டும். அது குறுக்கு வழியில் நழுவிவிடாமல் இருக்க, சுற்றிலும் அலுமினியத் தகடு வெட்டி அடைப்பார்கள். லைல் இரண்டு குளிர்காலம் அந்தத் தகடுகளோடுதான் குடித்தனம் செய்தான். முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு தகட்டில் வெட்டி, அரத்தால் இழைத்து, விளக்கைப் பின்னால் பிடித்து ஒளி கசிகிறதா என்று பார்த்துப் பொருத்தியவை. சர்ச்சுக்குப் போகும் சட்டைப் பையில்கூட ஒரு துண்டு அட்டை வைத்திருந்தான்.

அந்தச் சனிக்கிழமை திடலில் காப்பிக்குக் கூடியபோது ஆளுக்கு ஆள் வைத்தியம் சொன்னார்கள். பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டுகிற மெர்ல் மட்டும் டோனட்டை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான்.

“புது எஞ்சின் சூடாத்தான்யா ஓடும். உள்ள வளையம் தேஞ்சு படியணும்ல? நல்லா விரட்டி ஒரு பத்து மணி நேரம் ஓட்டு. தானா அடங்கும். நீ என்ன, பாட்டியம்மாவ சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி ஓட்டற.”

“விரட்டி ஓட்டி நடுவுல நின்னா?” என்றான் நார்பர்ட்.

“நின்னா எறக்கு. சுத்தி இருக்கறதெல்லாம் சோயா வயல்தான?”

“உனக்கென்ன, உன் வண்டியா? நான் அளந்து பாத்துட்டுச் சொல்றேன்.”

அளந்து பார்க்காமல் நார்பர்ட் எதையும் நம்பியவனில்லை. சூடு ஏறாத வீட்டுக்குக் கூப்பிட்டால் மற்ற மெக்கானிக்குகள் உலையைத் திறப்பார்கள். அவன் ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றை எடுப்பான். அதை வளைத்துப் பாதி தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் காற்றுக் குழாய்க்குள் செருகுவான். மறுமுனை அறையில் சும்மா தொங்கும். குழாயில் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுக்குத் தண்ணீர் டியூபின் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கும். எத்தனை அங்குலம் என்று பார்த்துவிட்டு, எந்த இடத்தில் அடைப்பு என்று சொல்லிவிடுவான். சொன்னது தப்பியதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

விமானத்துக்கும் அதையே செய்தான். விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த மர அளவுகோலில் டியூபை வளைத்துக் கட்டி, தண்ணீரில் கேக்குக்குப் போடும் பச்சைச் சாயத்தைக் கலந்து, ஓட்டுபவன் முழங்காலுக்கு முன்னால் பொருத்தினான். எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலிருக்கும் எஃகுச் சுவரில் டியூப் போக ஓட்டை போட வேண்டியிருந்தது. அங்கேதான் லைல் கையைக் குறுக்கே வைத்தான்.

“ஒண்ணு போட்டுக்க. ரெண்டாவது போட்டின்னா உன் மண்டையில போடுவேன்.”

“மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வேணும்டா. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான கணக்கு?”

“காலையில மேல வெச்சு அள. அப்புறம் மாத்தி கீழ வெச்சு அள. உனக்கென்ன அவசரம், ஆபீஸா போகப்போற?”

நார்பர்ட்டுக்கும் அது தப்பாகப் படவில்லை. வீடுகளிலும் உலைக்குப் போகும் குழாயைத் தனியாக, வரும் குழாயைத் தனியாகத்தான் அளந்திருக்கிறான். விடிந்ததும் மேல்பக்கம் அளந்து இறங்குவான். எஞ்சின் ஆறினால்தான் மூடியைக் கழற்ற முடியும். ஆறியதும் டியூபைக் கீழ்ப்பக்கம் மாற்றிவிட்டு, மத்தியானம் மறுபடி ஏறுவான். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் காற்று செதில்களுக்கிடையே நன்றாக இறங்குகிறது என்று பொருள். வித்தியாசம் இருக்க வேண்டியதில் பாதிகூட வரவில்லை.

“மேல வர்ற காத்து நல்லாத்தான் வருது,” என்றான் லைலிடம். “கீழயும் அழுத்தம் ஏறிக் கெடக்கு. எங்கயோ குறுக்க புகுந்து கீழ போயிடுது. எஞ்சின் வழியா எறங்கல.”

“என் தகடுங்கறியா?”

“தண்ணி சொல்லுது. நான் என்ன பண்ண?”

அதோடு ஜூன் போயிற்று. நார்பர்ட் லைலின் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்பக்கத்து மூன்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்தான். லைல்தான் செய்வதாகச் சொன்னான். ஆனால் வெட்டுக் கோட்டில் கத்தரி நிற்கவில்லை. கோடு அவன் கண்ணில் நெளிந்தது. ஒருமுறை விரலைக் கிழித்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, நார்பர்ட் கேட்கும் சாமானை எடுத்துக் கொடுக்கும் வேலையோடு நின்றுகொண்டான். சொந்த விமானத்துக்கு எடுபிடி. நார்பர்ட் அதைக் கவனிக்காமலில்லை. சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுபடி பறந்தான், மறுபடி அளந்தான். தண்ணீர் இம்மி நகரவில்லை. முள்ளும் கிட்டத்தட்ட அங்கேதான் நின்றது. தகட்டில் குற்றமில்லையென்றால் வெளியேறும் வழி போதவில்லை. வயிற்றுப் பக்கத்து வாயைப் பெரிதாக்க வேண்டும். அது கண்ணாடி நார் வேலை. வெட்டி, பூசி, காயவைத்து, இழைத்து, மூன்று வாரம் ஓடிப்போகும். ஊரில் எல்லோரும் நார்பர்ட்டின் பொறுமையை மெச்சினார்கள். மெர்ல் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்து, “இன்னுமா பாட்டியம்மாவுக்கு ஜொரம் எறங்கல?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்த நாட்களில் லைலின் மனைவி ஆர்டிஸ் அடிக்கடி கொட்டகைக்கு வந்தாள். கையில் எப்போதும் ஒரு தட்டு இருக்கும், எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டுகள், இல்லாவிட்டால் ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக். லைல் வெளியே போன ஒரு சமயம், அவள் தட்டை நார்பர்ட் கையில் கொடுத்துவிட்டு, தட்டோடு சேர்த்து அவன் கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அவசரப்படாதீங்க, நார்பர்ட். எத்தன நாள் ஆனாலும் ஆகட்டும்.”

“அவன் அவசரப்படுறான், ஆர்டிஸ்.”

“அவருக்கு நேத்து ரொட்டியில வெண்ணெய் தடவத் தெரியல. தட்டுல தடவுறாரு. இவரு தனியா மேல போறத நெனச்சா எனக்குத் தூக்கமே வரல. உங்ககிட்ட வண்டி இருக்கறதால நிம்மதியா இருக்கேன்.”

நார்பர்ட் ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். பார் நன்றாக இருந்தது. தான் பொறுப்பான காரியம் செய்கிறோம் என்ற எண்ணமும் அதே அளவுக்கு இனித்தது. அதை அவன் பின்னால் பலமுறை நினைத்துக் கூசியிருக்கிறான்.

ஜூலைக் கடைசியில் ஒருநாள், லைல் காதை மூடும் தன் தலைக் கருவியை மாட்டிக்கொண்டு வந்து, விமானத்தில் ஓட்டுபவன் உட்காரும் இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். காலை நேரம், காற்றே இல்லை. மூடி பொருத்தியிருந்தது, எண்ணெய் இருந்தது, பெட்ரோல் இருந்தது.

“எறங்கு லைல்.”

“ஒரு சுத்து. போய்ட்டு வந்துடறேன்.”

“கணக்கு இன்னும் சரியா வரல.”

“கணக்கு வந்து என்னத்துக்கு? வலது கண்ணு இன்னைக்கு நல்லாருக்கு. நாளைக்கு இருக்கும்னு நீ எழுதித் தருவியா?”

நார்பர்ட் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் குனிந்து குனிந்து வேலை செய்த முதுகுவலி ஒரு பக்கம், யாரோ செத்துப்போய் அந்தப் பழி தன் தலையில் விழும் என்ற பயம் இன்னொரு பக்கம்.

“சூட்டுல எஞ்சின் நின்னுச்சுன்னா எங்கடா எறக்குவ? வயலு எது, பள்ளம் எதுன்னு உனக்குத் தெரியுமா மொதல்ல?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. லைல் தலைக் கருவியைக் கழற்றினான். மெதுவாக, காலால் படியைத் தேடி இறங்கினான். விமானம் அவனுடையது. சாவி அவன் பையில் இருந்தது. நார்பர்ட்டைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். சட்டப்படி தடுக்க யாருக்கும் உரிமையில்லை. போகாததற்கு ஒரே காரணம், நார்பர்ட் அளந்தால் சரியாக இருக்கும் என்று அவன் மனதார நம்பியதுதான்.

ஆகஸ்டில் பெரிய வாய் தயாராயிற்று. முள் கொஞ்சம் இறங்கியது. நார்பர்ட்டுக்கு உற்சாகம், ஆனால் தண்ணீர் அதே பாட்டைப் பாடியது. எஞ்சின் குளிர்கிறது, ஆனால் காற்று இறங்கவில்லை என்றால் என்ன பொருள்? எங்கோ தற்செயலாக நடக்கிறது, நம்ப முடியாது என்று முடிவுகட்டினான். வெளியேறும் வாயின் விளிம்பில், காற்றை இழுத்துவிட, உதடு மாதிரி ஒரு நீட்டம் வைத்துப் பார்க்கலாம் என்றான். லைல், “வை,” என்று மட்டும் சொன்னான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் கூடத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த லைல் கோப்பை நிரம்பி வழிந்தும் நிறுத்தவில்லை. வலது கண்ணில் ரத்தம் கசிந்திருந்தது. எதை நேராகப் பார்க்கிறானோ அதன்மேல் ஒரு கறுப்பு வட்டம் உட்கார்ந்துகொண்டது. ஓரத்தில் இருப்பதுதான் தெரிந்தது. டாக்டர் ஊசி போட்டார். பரவாமல் நிறுத்தலாம், போனது வராது என்றார். அன்றிலிருந்து கார் சாவி ஆர்டிஸ் பையில்.

அக்டோபர் வந்தது. லைல் பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது, ஆனால் அந்த வாரத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்வதற்கில்லை. இருந்தாலும் விமானத்தை முடித்தாக வேண்டும். நார்பர்ட் காலையில் மேல்பக்கம் அளந்தான். மத்தியானம் கீழ்ப்பக்கத்துக்கு ஏறினான். கொட்டகை வாசலில் மடக்கு நாற்காலி போட்டு லைல் உட்கார்ந்திருந்தான். ஆர்டிஸ் காரிலேயே இருந்து ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள்.

சோளம் அறுத்துவிட்டார்கள். கீழே எல்லாம் தாள் நிற்கும் வயல். மேலே குளிர் காதைப் பிடுங்கியது. நார்பர்ட் பக்கத்து ஜன்னலைக் கெட்டியாக மூடிக்கொண்டு, மட்டமாகப் பறந்து, தண்ணீரைப் பார்த்தான். கீழ்ப்பக்க அளவு சடாரென்று குறைந்திருந்தது. காலை அளவிலிருந்து கழித்தால் கனகச்சிதம். புத்தகத்தில் போட்டிருப்பதைவிட ஒரு பிடி கூடுதல். உதடு வேலை செய்துவிட்டது! நார்பர்ட் தனியாக உட்கார்ந்து ஓவென்று கத்தினான். லைல் ஓட்டாவிட்டால் என்ன, விமானம் ஜெயித்துவிட்டது, அதையாவது போய்ச் சொல்லலாம் என்று குழந்தை மாதிரி துள்ளினான்.

துள்ளியதில் வியர்த்தது. கண்ணாடி வழியாக வெயில் நேராக மடியில் விழுந்தது. ஜன்னலை ஒரு கை அகலம் திறந்தான். பச்சைத் தண்ணீர் ஏறியது.

மூடினான், இறங்கியது. திறந்தான், கோடை முழுவதும் எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்தில் போய் நின்றது. கை தானாக மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டே இருந்தது. எத்தனை முறை செய்தான் என்று அவனுக்கே தெரியாது.

வீட்டில் அறைக் காற்று அசையாது. டியூபின் மறுமுனையை அறையில் விட்டால் போதும், அதை வைத்து எதையும் அளக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் அளந்தான், ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஆனால் இந்த அறை மணிக்கு நூற்றிருபது மைல் வேகத்தில் போகிறது. ஜன்னலைத் திறந்தால் வெளியே ஓடும் காற்று உள்ளிருப்பதை உறிஞ்சிக்கொண்டு போகும். அறையின் அழுத்தமே சரிந்துவிடும். காலைக் குளிரில் ஜன்னலை மூடி மேல்பக்கம் அளந்தான். மத்தியான வெயிலில் ஜன்னலைத் திறந்து கீழ்ப்பக்கம் அளந்தான். இரண்டும் வேறு வேறு அறை. கோடை முழுக்க அவன் அளந்தது எஞ்சினை அல்ல, தன் வியர்வையை.

ஜூன் மாதத்து அளவுகள் அவனுக்கு மனப்பாடம். ஜன்னலின் பங்கைக் கழித்துப் பார்த்தான். வித்தியாசம் சரியாகவே வந்தது. அப்போதே சரியாக இருந்திருக்கிறது. தகடும் சரி, வாயும் சரி. சூடு, மெர்ல் சொன்ன புது எஞ்சின் சூடு; விரட்டி ஓட்டியிருந்தால் ஜூலை நான்காம் தேதிச் சுதந்திர தினத்துக்குள் அடங்கியிருக்கும். லைல் ஜூலையில் ஓட்டியிருப்பான். ஆகஸ்டிலும் ஓட்டியிருப்பான். இறங்கவே வேண்டாம், பெட்ரோல் தீரும்வரை மேலேயே இருந்துவிடலாம் என்றிருந்தது நார்பர்ட்டுக்கு.

இறங்கினான். எஞ்சினை நிறுத்தியதும் லைல் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தான்.

“தண்ணி என்னடா சொல்லுது?”

உதடு வேலை செய்துவிட்டது என்று சொல்லிவிடலாம். சொன்னால் லைல் சந்தோஷப்படுவான், தோளில் தட்டுவான், ஊரும் நம்பும். நார்பர்ட் வாயைத் திறந்தான். ஆனால் ஜூலையில் காலால் படியைத் தேடி இறங்கிய மனுஷன்தான் கண்முன் நின்றான். ஜன்னல் கதையை முழுவதும் சொல்லிவிட்டான். ஒரே ஓட்டைதான் போட விட்டாய், ஒரு முனையை மேல்பக்கம், மறுமுனையைக் கீழ்ப்பக்கம் என்று ஒரே நேரத்தில் இணைத்திருந்தால் இது வந்திருக்காது என்ற பேச்சு தொண்டைவரை வந்தது. அதை மட்டும் விழுங்கிக்கொண்டான்.

லைல் இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். கேட்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான். இப்போதெல்லாம் ஆளைப் பார்க்க அப்படித்தான் திருப்ப வேண்டும்.

“அப்ப ஜூன்ல?”

“ஜூன்லயே சரியாத்தான் இருந்துச்சு.”

“என் தகடு?”

“ஒரு குத்தமும் இல்ல லைல். நான்தான் அநியாயமா வெட்டிப் போட்டேன்.”

ஆர்டிஸின் கார் பக்கம் லைல் தலையை ஆட்டினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “உள்ளதச் சொல்லு. அவ சொல்லித்தான் செஞ்சியா?”

“இல்லடா.”

“அவ பயந்துக்கிட்டு கெடந்தா. எனக்குத் தெரியும். வாரத்துக்கு ரெண்டு கேக்கு சும்மாவா வரும்? இழுத்தடிங்கன்னு கேட்டாளா இல்லியா?”

“அவசரப்படாதீங்கன்னாங்க. அவ்வளவுதான். சத்தியமா நான் வேணும்னு செய்யல. எனக்குத் தெரியாமத்தான் போச்சு.”

காரில் ஆர்டிஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமான்னு சொல்லியிருக்கலாம்டா நார்ப்,” என்றான் லைல். “உங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சு வாய்க்கு வந்தபடி திட்டித் தீத்திருப்பேன். ஒரு வருஷம் பேசாம இருந்திருப்பேன். இப்ப நான் யாரத் திட்றது, சொல்லு? என் உயிரக் காப்பாத்தணும்னு கோட முச்சூடும் முதுகு ஒடிய வேல செஞ்சவனயா?”

நார்பர்ட் அழுதுவிட்டான். அறுபத்தெட்டு வயசில், கொட்டகை வாசலில், எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கறுப்பாக்கிக்கொண்டான். “வா, ஏறு,” என்றான். “சோதன ஓட்டத்துக்கு வெச்ச மணி நேரம் முடியற வரைக்கும் ரெண்டாவது ஆளு கூடாதுங்கற சட்டம் கெடக்கட்டும். இடது பக்கம் உக்காரு, நான் கூட இருக்கேன். நீ புடி.”

“சரக்கு மூட்டையா ஏறி உக்காரவா ஒம்பது வருஷம் ஆணி அடிச்சேன்?” லைல் நாற்காலியை மடக்கினான். “வேண்டாம். நீ போ. எங்க வீட்டுக்கு மேல ஒரு சுத்து சுத்து. நான் வயல்ல நின்னு பாக்கறேன்.”

“லைல்...”

“பாக்கறேன்னு சொன்னேன்ல? எண்ணெயப் பாத்துட்டுக் கெளம்பு.”

ஆர்டிஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேரும்வரை காத்திருந்துவிட்டு நார்பர்ட் ஏறினான். அன்றுதான் முதன்முறையாக விசையை முழுவதும் தள்ளினான். முள் நடுவில் நின்று அசையவில்லை. நல்ல எஞ்சின், நல்ல விமானம். வடக்கே நாலு மைலில் லைலின் வெள்ளை வீடும், பக்கத்தில் அறுத்த வயலும் வந்தன. வயலின் நடுவில் இரண்டு பேர் நின்றார்கள்.

தாழ்ந்து போனான். லைல் தொப்பியைக் கழற்றி, கையை முழுக்க நீட்டி, பெரிதாக ஆட்டினான். சத்தம் எதிரொலித்த பக்கமாக, கிழக்கே மரங்களுக்கு மேல் காலியாக இருந்த ஆகாயத்தைப் பார்த்து ஆட்டினான். நார்பர்ட் அவனுக்கு மேற்கே இருந்தான். இறக்கையை இரண்டு பக்கமும் சாய்த்துக் காட்டினான். ஆர்டிஸ் பார்த்துவிட்டு லைலின் தோள்களைப் பிடித்துத் திருப்பினாள். அதற்குள் விமானம் வீட்டைத் தாண்டிவிட்டது.

நார்பர்ட் வளைத்துக்கொண்டு மறுபக்கமாகத் திரும்ப வந்தான், இன்னும் தாழ்வாக. ஆர்டிஸ் லைலின் தோள்களைப் பிடித்தபடியே நின்றாள். லைல் இன்னும் தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தான், விமானம் சற்றுமுன் போன திசையைப் பார்த்து.